மேடையில் ஸ்லைடு கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் கச்சேரிகளின் காணொளிகளை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஸ்லைடு கிட்டார் வரும் இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், கேள்விகள் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

ஸ்லைடு கிட்டார்னா தனி வாத்தியமா, இல்ல சாதா கிட்டாரேதானா?

பெரும்பாலும் சாதாரண கிட்டார்தான், வாசிக்கும் முறை வேறு. வழக்கமாக இடது கை விரல்களால் கம்பியை ஃப்ரெட்டோடு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சேர்த்து அழுத்துவார்கள். ஸ்லைடு வாசிப்பவர் ஒரு விரலில் கண்ணாடிக் குழலோ உலோகக் குழலோ மாட்டிக்கொண்டு, கம்பியை அழுத்தாமல் அதன் மேல் தொட்டபடி வழுக்கிச் செல்வார். கம்பி ஃப்ரெட்டில் படவே படாது. அதனால் ஸ்வரம் படிப்படியாகத் தாவாமல் இழைந்து ஏறி இழைந்து இறங்கும்.

வாத்தியத்தில் சின்ன மாற்றங்கள் செய்வார்கள். கம்பிகள் சற்றுத் தடிமனாக, பலகையிலிருந்து கொஞ்சம் உயரமாக இருக்கும். தாழ்வாக இருந்தால் குழல் ஃப்ரெட்டில் இடித்து லொட்டென்று சத்தம் கொடுக்கும். பழைய படங்களில் உலோக உடம்போடு பளபளக்கும் கிட்டார் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது ரெசொனேட்டர் கிட்டார். உள்ளே அலுமினியக் கூம்பு இருக்கும், அதுதான் ஒலியைப் பெருக்கும். கிட்டாருக்கு மின்சாரம் வராத நாளில், 1927இல், நேஷனல் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆட்டமும் கூச்சலுமாக இருந்த கூடங்களில் தனியாள் வாசிப்பது கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமென்றால் இப்படி ஒன்று தேவைப்பட்டது.

விரல்ல என்ன மாட்டியிருக்காங்க? நிஜமாவே பாட்டில் கழுத்தா?

ஒரு காலத்தில் நிஜமாகவே பாட்டில் கழுத்துதான். உடைத்து, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்து மாட்டிக்கொள்வார்கள். கத்தியின் முதுகை வைத்து வாசித்தவர்களும் உண்டு. மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவல் ஆரம்பத்தில் மாட்டு விலா எலும்புத் துண்டை வைத்து வாசித்தார், பிறகு கண்ணாடிக்கு மாறினார். ஜானி வின்டரிடம் இருந்தது குழாய்த் துண்டு. லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் மெக்கானிக் கடையில் ஸ்பார்க் பிளக் கழற்றும் சாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டுவேன் ஆல்மனுடையது சளி மாத்திரை வந்த கண்ணாடிக் குப்பி. அதன் கதையைத் தம்பி கிரெக் ஆல்மன் பல முறை சொல்லியிருக்கிறார். அண்ணன் உடம்பு சரியில்லாமல் கிடந்த ஒரு பிறந்தநாளில் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டையும் கோரிசிடின் மாத்திரைக் குப்பியையும் வாசலில் வைத்துவிட்டு வந்தாராம். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்த ஸ்லைடை அப்படியே பிடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த அளவுக் குப்பியை இன்றைக்குத் தனியாகவே செய்து விற்கிறார்கள்.

பொதுவாகக் கண்ணாடிக்கு நாதம் உருண்டையாக, மென்மையாக வரும். பித்தளையும் எஃகும் கூர்மையாகக் கடிக்கும். கனமான குழல் என்றால் ஒலி நீண்டு நிற்கும்.

இது எங்க ஆரம்பிச்சது? ஹவாய்னு ஒருத்தர் சொல்றார், மிசிசிப்பின்னு இன்னொருத்தர் சொல்றார்.

இரண்டு ஓடைகள் கலந்தன என்பதுதான் சரி. ஹவாயில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு போன்றவர்கள் கிட்டாரை மடியில் வைத்து எஃகுத் துண்டால் வாசித்தார்கள். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அந்த இசைக்கு மோகம் பிடித்தது. அதற்கு முன்பே அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களிடம் ஒற்றைக் கம்பி வாத்தியம் ஒன்று இருந்தது. விளக்குமாற்றுக் கம்பியை வீட்டுச் சுவரில் ஆணியடித்து இழுத்துக் கட்டி, பாட்டிலை அதன்மேல் உருட்டி வாசிப்பார்கள். டிட்லி போ என்று பெயர். எல்மோர் ஜேம்ஸ் உட்படப் பல கலைஞர்கள் சிறுவயதில் கை பழகியது அதில்தான்.

எழுத்தில் கிடைக்கும் புகழ்பெற்ற சாட்சி இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, கந்தல் உடையில் ஒருவர் கத்தியைக் கம்பியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகவும், அதுவரை தான் கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்றும் 1941இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். அந்த மனிதரின் பெயர் அவர் எழுத்தில் இல்லை. ப்ளூஸ் ஸ்லைடு கிட்டார் இசைத்தட்டில் ஏற அந்த 1903இலிருந்து இன்னும் 20 ஆண்டுகள் ஆயின. 1923இல் சில்வெஸ்டர் வீவர் பதிவு செய்தார்.

ஏன் யாரோ அழற மாதிரியே கேட்குது?

மனிதக் குரல் எப்படி ஸ்வரத்துக்கு ஸ்வரம் நகர்கிறதோ அப்படியே ஸ்லைடும் நகர்வதால். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ப்ளூஸின் உயிர் ஸ்வரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. கிட்டாரில் கம்பியை வளைத்துத் தொடலாம். ஸ்லைடில் நேராகவே போய் நிற்கலாம், நின்று அசைக்கலாம். ஜாரு (வழுக்கல்), கம்பிதம் (அசைவு) என்ற கமகங்களைக் கேட்ட காதுக்கு இது அந்நியமாகப் படாது.

இன்னொரு காரணம், பாட்டின் அமைப்பு. ப்ளூஸில் ஒரு வரி பாடி முடித்ததும் வாத்தியம் பதில் சொல்லும். பிளைண்ட் வில்லி ஜான்சன் வரியைப் பாதியில் விட்டுவிடுவார், மீதிச் சொற்களைக் கிட்டார் பாடி முடிக்கும். 1927 டிசம்பரில் டல்லஸில் அவர் பதிவுசெய்த, இருண்ட இரவையும் குளிர்ந்த தரையையும் தலைப்பில் கொண்ட பாட்டில் சொற்களே இல்லை. முனகலும் ஸ்லைடும் மாறி மாறி வரும், எது குரல் எது கம்பி என்று சில இடங்களில் பிரிக்க முடியாது. 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் அதுவும் இருக்கிறது.

நம்ம கோட்டு வாத்தியம் மாதிரியே இருக்கே. ஏதாவது தொடர்பு உண்டா?

முறை ஒன்று, வரலாறு தனித்தனி. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டு வாத்தியத்துக்குப் பெயர் சேர்த்தபோது மிசிசிப்பியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, அவர்களுக்கும் இவரைத் தெரியாது. மெட்டு (ஃப்ரெட்) இல்லாத தண்டி, மரத் துண்டு, தரையில் கிடத்தி வாசிப்பது என்று நம் வாத்தியம் முழுக்கவே வழுக்கலுக்காக அமைந்தது. ப்ளூஸ்காரர்கள் ஃப்ரெட் வைத்த வாத்தியத்தில் ஃப்ரெட்டைத் தொடாமல் வாசித்தார்கள்.

பின்னாளில் இரண்டும் சந்தித்தன. அமெரிக்க ஸ்லைடு கலைஞர் ரை கூடரும், மோகன வீணை (இந்திய இசைக்காக மாற்றியமைத்த கிட்டார்) கலைஞர் விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசித்த இசைத்தொகுப்பு 1993இல் வந்து கிராமி விருது பெற்றது. நமக்கு இன்னும் நெருக்கமானது 1995இல் வந்த ‘மும்தாஜ் மஹால்’. மேலே சொன்ன அதே தாஜ் மஹால் ப்ளூஸ் பாட, ஒரு பக்கம் விஸ்வ மோகன் பட், மறுபக்கம் சித்திரவீணையில், அதாவது நம் கோட்டு வாத்தியத்தில், ரவிகிரண். சித்திரவீணை ப்ளூஸுக்குப் பதில் சொல்லும் இடங்களைக் கேளுங்கள். முந்தின கேள்விக்கான விளக்கம் அங்கே ஒலியாகவே கிடைத்துவிடும்.

ரெக்கார்டிங் கேட்டா போதாதா? மேடையில பார்க்கணும்னு ஏன் இவ்வளவு சொல்றீங்க?

ஸ்லைடு வாசிப்பவருக்கு ஒவ்வொரு ஸ்வரமும் அந்தக் கணத்தில் தேடிப் பிடிப்பது. ஃப்ரெட் என்ற காவல் இல்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் காதில் விழும். ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துச் சரிசெய்துகொள்ளலாம். மேடையில் காதுதான் கையைத் திருத்த வேண்டும், அதுவும் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே. அந்தத் திருத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். குழல் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கும், லேசாக முன்னும் பின்னும் ஆடும், ஆட்டத்தின் நடுவில் சுருதி உட்கார்ந்துவிடும்.

மிசிசிப்பியின் பழைய ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸின் 1960களின் படப்பதிவுகளில் ஒன்றைப் பாருங்கள். மடியில் உலோகக் கிட்டார். வலது கை கம்பியை மீட்டவில்லை, மேலிருந்து வந்து அறைகிறது, அறைந்த வேகத்தில் தெறித்து விலகுகிறது. குழல் மேல் ஸ்தாயிக்கு ஒரே இழுப்பில் ஏறும்போது தலை பின்னால் சாய்கிறது, கண் செருகிக்கொள்கிறது. பாட்டு, மரணச் செய்தியோடு வந்த கடிதத்தைப் பற்றியது. அந்த அறை ஏன் அவ்வளவு பலமாக விழுகிறது என்று இசைத்தட்டில் மட்டும் கேட்டவருக்குப் புரிவது கடினம்.

பார்க்கும்போது கண்ணை எங்க வைக்கணும்னே தெரியல. எல்லாரும் குழலைத்தான் பார்க்கிறாங்க.

குழலைக் கொஞ்ச நேரம் பாருங்கள், பிறகு வேறு இரண்டு இடங்களுக்குப் போங்கள்.

முதல் இடம், குழலுக்குப் பின்னால் இருக்கும் விரல்கள். குழல் கம்பியில் பட்டதும் முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கத் துண்டும் அதிரும். அது வேண்டாத இரைச்சல். அதை அடக்க, ஆள்காட்டி விரலோ நடுவிரலோ கம்பியின்மேல் படிந்தபடி கூடவே ஓடும். குழலை எந்த விரலில் மாட்டுகிறார் என்பதன் பொருளும் இதில்தான் இருக்கிறது. மோதிர விரலில் மாட்டினால் அடக்குவதற்கு இரண்டு விரல் பின்னால் கிடைக்கும். டுவேன் ஆல்மன் அப்படித்தான். சுண்டுவிரலில் மாட்டினால் மற்ற மூன்றும் வழக்கமான கிட்டார் வாசிக்கலாம். மடி வாட்டர்ஸும் ஏர்ல் ஹூக்கரும் அப்படி. பானி ரெய்ட் நடுவிரலில் மாட்டுகிறார்.

இரண்டாவது இடம், வலது கை. என் கணிப்பில் பெரிய கலைஞரையும் நல்ல கலைஞரையும் பிரித்துக் காட்டுவது இதுதான். ஆறு கம்பியின்மேலும் குழல் கிடக்கிறது, அதில் ஒரு கம்பி மட்டும் பேச வேண்டும். மற்ற ஐந்தையும் வாய் மூட வைப்பது வலது கை விரல்களும் உள்ளங்கை ஓரமும். டெரெக் ட்ரக்ஸ் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்துக்கொள்ளாமல் வெறும் விரலால் வாசிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டைவிரல் ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அடுத்த கணமே இன்னொன்றின்மேல் படிந்து அதை நிறுத்துவதைப் பார்க்கலாம். அவருடைய ஒவ்வொரு ஸ்வரத்தைச் சுற்றியும் இருக்கும் அந்தச் சுத்தமான மௌனம், இடைவிடாத வேலையால் வருவது.

ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டாரை மாத்திக்கிட்டே இருக்காங்களே, எதுக்கு?

சுருதி சேர்ப்பு வேறு என்பதால். குழல் நேராக மட்டுமே இருக்கும், விரல் போல வளைந்து கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பிடிக்காது. ஆகவே தொடாமல் மீட்டினாலே ஒரு முழுக் கோர்டு வரும்படி கம்பிகளைச் சேர்த்துவிடுவார்கள். ஓபன் ட்யூனிங் என்பது இதுதான். ஓபன் டி, ஓபன் ஈ, ஓபன் ஜி மூன்றும் அதிகம் கேட்பவை. குழலை ஐந்தாவது ஃப்ரெட்டின்மேல் வைத்தால் ஒரு கோர்டு, ஏழாவதில் இன்னொன்று, பன்னிரண்டாவதில் மேல் ஸ்தாயி. ப்ளூஸின் மூன்று கோர்டும் கைக்குள் வந்துவிடும். பாட்டின் நடுவில் முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருக்க முடியாது, அதனால் சேர்த்து வைத்த வேறு கிட்டார் வரும்.

எல்லோரும் மாற்றுவதில்லை. டெரெக் ட்ரக்ஸ் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓபன் ஈயிலேயே வாசித்துவிடுவார். ராபர்ட் நைட்ஹாக்கும் அவரிடம் கற்ற ஏர்ல் ஹூக்கரும் சாதாரண ட்யூனிங்கிலேயே ஸ்லைடு வாசித்தார்கள். அது கடினம், ஏனென்றால் பக்கத்துக் கம்பியைத் தவறித் தொட்டால் அபஸ்வரம். அங்கே வலது கையின் வேலை இரட்டிப்பு.

எல்லாரும் அதே ‘டடடா டடடா டடடா’வைத்தான் வாசிக்கிறாங்க. காப்பி இல்லையா?

அது எல்மோர் ஜேம்ஸின் வரி. 1951இல் டிரம்பெட் என்ற சிறு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த ‘டஸ்ட் மை ப்ரூம்’ அதில்தான் தொடங்குகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு ஒரே பாய்ச்சலாகப் போய், மூன்று மூன்றாக அடுக்கி, ஆம்ப் (கிட்டாரின் மின் ஒலிபெருக்கி) கதறக் கதற வாசிப்பார். பாட்டு அவருடையதல்ல. ராபர்ட் ஜான்சன் 1936இல் பதிவுசெய்தபோது அந்த அடியைக் குழல் இல்லாமல் விரலால் வாசித்தார். எல்மோர் அதைக் குழலுக்கும் மின்சாரத்துக்கும் மாற்றியதும் அது வேறொரு உருவம் எடுத்தது. 1963இல் 45 வயதில் இறந்துபோனார்.

மேடையில் ஒருவர் அந்த வரியைத் தொடும்போது அது மரியாதை, கூடவே ஒரு சவால். எல்லோருக்கும் தெரிந்த வரியை எடுத்துவிட்டு, அடுத்த பன்னிரண்டு பாரில், அதாவது பாட்டின் அடுத்த சுற்றில், தனக்கென்று என்ன வைத்திருக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஜே. பி. ஹட்டோ அதை இன்னும் முரட்டுத்தனமாக்கினார். அவருடைய உடன்பிறந்தார் மகன் லில் எட் வில்லியம்ஸ் அதோடு மேடை முழுக்க ஓடுகிறார்.

வேகமாவே வாசிக்கலையே. இதுல என்ன பெரிய திறமை?

1970களின் மடி வாட்டர்ஸை எடுத்துக்கொள்வோம். 1969 அக்டோபரில் நடந்த கார் விபத்துக்குப் பிறகு பெரும்பாலும் உயர முக்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பாட்டின் பாதிவரை கிட்டாரைத் தொடவே மாட்டார், மற்றவர்கள் வாசிப்பார்கள். தன் முறை வந்ததும் சுண்டுவிரல் குழல் மேல் கம்பிகளுக்குப் போகும். ஒரே ஸ்வரம். அதை நடுங்க விடுவார். கூடவே தாடையும் கன்னமும் அதே வேகத்தில் நடுங்கும், அந்த ஸ்வரம் வாயிலிருந்துதான் வருகிறதோ என்று தோன்றும். பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கூட்டம் கத்தும்.

எத்தனை ஸ்வரம் என்று எண்ணுவதை விடுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறார், எங்கே அசைவைத் தொடங்குகிறார், எப்போது கையை எடுக்கிறார் என்று கேளுங்கள். ராகத்தை அவசரமில்லாமல் விரிக்கும் பாடகரிடம் நாம் எதை ரசிக்கிறோமோ அதுதான் இங்கேயும்.

சில இடத்துல சுருதி விலகுது. வேணும்னே செய்யறதா, தப்பா?

இது நல்ல கேள்வி, சிக்கலான கேள்வியும்கூட. நான் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். ஷட்ஜமும் பஞ்சமமும் எப்படி விழுகின்றன என்று பாருங்கள், முக்கியமாக வரியின் முடிவில். அங்கே சுத்தமாக வந்து நிற்கிறார் என்றால், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தாழ்த்தி நிறுத்துவது அவர் தெரிந்தே செய்வது. மேலே சொன்ன இடைப்பட்ட காந்தாரம் அதுதான். ஷட்ஜமே ஆடுகிறது என்றால் அன்றைக்குக் கை சரியில்லை.

இரண்டாவது அடையாளம்: அதே இடம் மறுபடி வரும்போது அதே அளவு விலகுகிறதா? ஃப்ரெட் மெக்டவல் ஒரே வரியை ஒரே பாட்டில் பத்து தடவை வாசிப்பார், தாழ்ந்த காந்தாரம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் விழும். தற்செயலாக அப்படி வராது.

வயதானவர்களிடம் மட்டும் இந்த அளவுகோலைக் கண்டிப்பாக வைக்காதீர்கள். சன் ஹவுஸ் பல ஆண்டுகள் கிட்டாரைத் தொடாமல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் வாழ்ந்தவர். 1964இல் இளம் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது தன் பாட்டுகளையே மறந்திருந்தார். ஆலன் வில்சன் என்ற இளைஞர் பழைய இசைத்தட்டுகளில் இருந்ததை அவருக்கே வாசித்துக் காட்டி நினைவூட்டினார். அதற்குப் பிறகு வந்த மேடைகளில் விரல் தடுமாறும் இடங்கள் உண்டு. பாட்டின் கனம் எங்கும் குறைவதில்லை.

ஹவுண்ட் டாக் டெய்லருக்கு ஆறு விரல்னு சொல்றது உண்மையா? அதனாலதான் அப்படி வாசிச்சாரா?

உண்மைதான், இடது கையில் ஆறு விரல். ஆனால் ஆறாவது அசையாத சின்ன விரல், வாசிப்புக்கு உதவவில்லை. அவர் இசைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. விலை மலிந்த ஜப்பானியக் கிட்டார், உடைந்து கரகரக்கும் ஆம்ப், நாற்காலிக் காலிலிருந்து வெட்டிய எஃகுக் குழல். குழுவில் பேஸ் கிட்டாரே கிடையாது. ப்ரூவர் ஃபிலிப்ஸ் தன் கிட்டாரின் கீழ்க் கம்பிகளிலேயே அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார், டெட் ஹார்வி டிரம்ஸ். டெய்லர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை மிதித்தபடி வாசிப்பார்.

சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஃப்ளோரன்ஸ் லவுஞ்ச் என்ற சிறு மதுக்கூடத்தில் ஞாயிறு மதியங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ப்ரூஸ் இக்லவர் என்ற இளைஞர், தான் வேலை செய்த நிறுவனம் இவரைப் பதிவுசெய்ய முன்வராததால், 1971இல் தானே அலிகேட்டர் நிறுவனத்தைத் தொடங்கி இவருடைய தட்டை முதலில் வெளியிட்டார். சுருதிச் சுத்தத்தைப் பற்றி மேலே இவ்வளவு சொன்ன நானே, டெய்லரைக் கேட்கும்போது அந்தக் கரகரப்பில் ஒரு துளியைக்கூடக் கழிக்க விரும்பமாட்டேன். ஆட வந்தவர்களுக்காக வாசித்த இசை அது.

டெரெக் ட்ரக்ஸ் இந்திய இசை கத்துக்கிட்டவராமே?

அலி அக்பர் கானின் சரோதை ஆழமாகக் கேட்டவர், கலிபோர்னியாவில் கான் நடத்திய பள்ளியில் பாடமும் கேட்டிருக்கிறார். நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியை ஸ்லைடில் வாசித்துப் பதிவும் செய்திருக்கிறார். 1979இல் பிறந்தவர், ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் டிரம்மர் புட்ச் ட்ரக்ஸுக்குச் சகோதரர் மகன். 1999 முதல் 2014 வரை அந்தக் குழுவிலேயே, டுவேன் ஒரு காலத்தில் நின்ற இடத்தில் வாசித்தார். இப்போது மனைவி சூசன் டெடெஸ்கியோடு சேர்ந்து பெரிய குழு நடத்துகிறார்.

சரோதின் தாக்கம் எங்கே தெரிகிறது என்றால், பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் அவர் வாசிக்கும் முன்னுரைகளில். கீழ் ஸ்தாயியிலேயே நீண்ட நேரம் இருப்பார். மேலே போகும் வழியை ஒவ்வொரு ஸ்வரமாகத் திறப்பார். அசையாமல், கண்ணை மூடி நிற்பார், முகத்தில் ஒன்றும் தெரியாது. காணொளியில் பார்க்க ஒன்றுமே இல்லையே என்று தோன்றினால் மேலே சொன்ன வலது கையைக் கவனியுங்கள்.

பெண்கள் யாரும் இல்லையா இதுல?

இருக்கிறார்கள், முதல் வரிசையிலேயே. பானி ரெய்ட் 1949இல் பிறந்தவர். இருபது வயதுகளில் ஃப்ரெட் மெக்டவலோடு பயணம் செய்து நேரடியாகக் கற்றார். மேடையில் அவர் ஸ்லைடு, பாடி முடித்த வரிக்கு ஒரு பெருமூச்சு போல வந்து ஒட்டிக்கொள்ளும். நீளமான சோலோ எடுக்கமாட்டார், எடுத்த சில ஸ்வரங்களில் ஒன்றுகூட வீண் போகாது. சன் ஹவுஸைப் பதின்ம வயதிலேயே சந்தித்த ரோரி பிளாக் அந்தப் பழைய முறையைத் தனிக் கிட்டாரில் காப்பாற்றி வருகிறார். சிகாகோ மதுக்கூடங்களில் வாசித்துப் பெயர் எடுத்த ஜோனா கானர் நெருப்பாக வாசிப்பவர். லார்க்கின் போ குழுவின் மேகன் லோவெல் மடியில் வைக்கும் ஸ்டீல் கிட்டாரை உடம்பில் கட்டி, நின்றபடி வாசிக்கிறார்.

பி. பி. கிங்கும் ஸ்லைடுதானே? அதே மாதிரி கேட்குதே.

இல்லை. அவருக்கு உறவினரான புக்கா வைட் ஸ்லைடில் பெரிய கலைஞர். தனக்குக் குழல் கைவரவில்லை, அந்த ஒலியை வெறும் விரல் நடுக்கத்தில் கொண்டுவரப் பார்த்தேன் என்று பி. பி. கிங்கே சொல்லியிருக்கிறார். உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

வெள்ளைக்காரங்க வாசிச்சா அது ப்ளூஸ் ஆகுமா?

இதை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது. ப்ளூஸ், குத்தகை விவசாயத்திலும் நிறவெறிச் சட்டங்களிலும் நசுங்கிய மக்களின் இசை. மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறும்வரை பருத்திப் பண்ணையில் உழைத்தவர். அவர்களுடைய பாட்டை மற்றவர்கள் பாடிப் பெரும்பணம் ஈட்டியபோது மூலக் கலைஞர்கள் பலருக்கு உரிய பங்கு போய்ச் சேரவில்லை. இந்தக் கோபம் நியாயமானது.

டுவேன் ஆல்மனும் டெரெக் ட்ரக்ஸும் பானி ரெய்ட்டும் வாசிப்பதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது, காது ஒப்புக்கொள்ளாது. நான் பார்ப்பது, மூலத்துக்கு என்ன செய்தார்கள் என்பதை. பானி ரெய்ட் ஒவ்வொரு மேடையிலும் ஆசான்களின் பெயரைச் சொல்பவர், ஃப்ரெட் மெக்டவலின் கல்லறைக்கு 1993இல் புதிய கல் வைக்கப் பணம் கொடுத்தவர். 1977இல் மடி வாட்டர்ஸின் ‘ஹார்ட் அகெய்ன்’ தட்டைத் தயாரித்து அவருடைய கடைசி ஆண்டுகளுக்குப் புதிய வேகம் கொடுத்தவர் ஜானி வின்டர். கேட்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு பாட்டு பிடித்தால் அது யாரிடமிருந்து வந்தது என்று தேடி அவரையும் கேளுங்கள்.

எந்தக் கச்சேரிப் பதிவிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முதலில் ஆல்மன் பிரதர்ஸ், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், 1971 மார்ச். முதல் பாட்டின் முதல் ஸ்வரமே டுவேனின் ஸ்லைடு. அதே ஆண்டு அக்டோபரில், 24 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் போய்விட்டார். அடுத்து ராபர்ட் நைட்ஹாக், 1964, சிகாகோவின் மேக்ஸ்வெல் தெரு. ஞாயிற்றுச் சந்தையில், பக்கத்து வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்து ஆம்புக்குக் கொடுத்து நடைபாதையில் வாசிப்பார்கள். சந்தைச் சத்தமும் பதிவிலேயே இருக்கும். அந்தப் பதிவில் அவர் நாதம் எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுகிறது. பிறகு ஹவுண்ட் டாக் டெய்லர் இறந்த பின் 1976இல் வெளிவந்த நேரலைத் தட்டு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், 1962 முதல் ஐரோப்பாவில் சுற்றிய அமெரிக்க நாட்டுப்புற ப்ளூஸ் விழாவுக்காக எடுத்த தொலைக்காட்சிப் படங்கள் இருக்கின்றன. சன் ஹவுஸ், ஃப்ரெட் மெக்டவல், டெய்லர் மூவருமே அந்த மேடைகளில் ஏறியவர்கள்.

நேர்ல எங்க போய்ப் பார்க்கலாம்? கைதட்டல் எப்போ?

சிகாகோ ப்ளூஸ் விழா 1984 முதல் நடக்கிறது, இப்போது மில்லேனியம் பூங்காவில், கட்டணம் கிடையாது. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊரில் ஏப்ரலில் ஜூக் ஜாயிண்ட் விழா, ஆர்கன்சாவின் ஹெலினாவில் அக்டோபரில் கிங் பிஸ்கட் விழா. இந்தியாவில் மும்பை மெஹபூப் ஸ்டுடியோவில் 2011இல் தொடங்கிய மஹிந்திரா ப்ளூஸ் விழா இருக்கிறது. வருகிறவர்கள் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கைதட்டப் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நம் சபையில் நல்ல சங்கதி விழுந்ததும் ‘பலே’ என்று வாய்விட்டுச் சொல்வார்களே, அங்கேயும் அப்படித்தான். கறுப்பினத் தேவாலயங்களில் பிரசங்கத்துக்குச் சபை பதில் குரல் கொடுக்கும் பழக்கம் ப்ளூஸ் மேடைக்கும் வந்திருக்கிறது. ஸ்லைடு ஒரு வரியை முடித்து நிறுத்தும் இடம் உங்களுக்கான இடம். மெதுவான பாட்டில் ஸ்வரம் தேய்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் பொறுமையாக இருங்கள், அடுத்த ஸ்வரம் அதன் வாலைப் பிடித்துத்தான் வரும்.

வாசிச்சுப் பார்த்தா ரசனை கூடுமா? நான் கிட்டார் கத்துக்காதவன்.

கூடும். யாரிடமாவது பழைய கிட்டார் கிடைத்தால் போதும். கண்ணாடிக் குழல் ஒன்று வாங்குங்கள், மோதிர விரலில் தளர்வில்லாமல் உட்கார வேண்டும். ஓபன் டியில் சேர்த்துத் தரும்படி தெரிந்தவரிடம் கேளுங்கள். இருப்பதிலேயே மெல்லிய கம்பியில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உலோகத்துக்கு நேர் மேலே குழலை வையுங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் சுருதி குறைந்துவிடும். அழுத்தாதீர்கள், குழலின் கனமே போதும். ஆள்காட்டி விரலைப் பின்னால் கம்பியில் படியவிடுங்கள். இப்போது மீட்டி, அந்த ஒரு ஸ்வரத்தைச் சுத்தமாக நிறுத்தப் பாருங்கள். அது பிடிபட்டதும் இரண்டு ஃப்ரெட் கீழிருந்து இழைத்து அங்கே வந்து சேருங்கள். பிறகு மடி வாட்டர்ஸின் ஒற்றை ஸ்வரத்தை மறுபடி போட்டுக் கேளுங்கள்.